30 டன்னில் ஓர் இழுவை ஓடம்: டிராவலர் ஆட்டத்துக்கு முதல் விண்கலம் வடிவமைப்பவர்களுக்கு

டிராவலர் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, விண்வெளிக் கதை ஒன்றில் பாத்திரங்களாக ஆடும் ஆட்டம். அதற்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் வரைய ஆசைப்படுவது போர்க்கலத்தைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கை பழகுவதற்குச் சரியானது துறைமுகத்து இழுவைப் படகு மாதிரியான ஒரு வேலைக்கார ஓடம். பழுதாகி நிற்கும் கலத்தை இழுத்து வரும், வெளியே போய் ஒட்டுப்போடும், மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். விண்மீன் விட்டு விண்மீன் தாவ வைக்கும் ஜம்ப் டிரைவ் தொல்லை இல்லை; 100 டன்னுக்குக் கீழே அதைப் பொருத்தவே முடியாது. ஆயுதமும் வேண்டாம். மொத்தக் கணக்கும் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆனால் பெரிய கலம் கட்டும்போது இடறும் இடங்கள் எல்லாமே இதிலும் உண்டு, சின்ன அளவில்.

டிராவலர் 1977இல் வெளிவந்த ஆட்டம். பதிப்புகள் பல உண்டு. இங்கே வரும் எண்கள் மங்கூஸ் நிறுவனத்தின் இரண்டாம் பதிப்பையும் அதன் கலம் கட்டும் நூலான ஹை கார்டையும் ஒட்டியவை. உங்கள் மேசையில் வேறு பதிப்பு ஓடினால் அட்டவணையை அதிலிருந்து எடுங்கள், வழிமுறை இதேதான். கையில் இருக்க வேண்டியவை ஒரு கட்டம் போட்ட தாள், கால்குலேட்டர், பென்சில், ரப்பர். பேனா எடுக்காதீர்கள். முதல் கணக்கு ஒருபோதும் 30 டன்னில் நிற்காது.

டன் என்பது எடை அல்ல

முதல் தடுக்கல் இதுதான். இந்த ஆட்டத்தில் ஒரு டன் என்றால் ஒரு டன் திரவ ஹைட்ரஜன் பிடிக்கும் இடம், ஏறக்குறைய 14 கன மீட்டர். ஏழடிக்கு ஏழடி, பத்தடி உயரத்தில் ஒரு ஸ்டோர் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு டன். ஆக 30 டன் ஓடம் என்பது 30 ஸ்டோர் ரூம், 420 கன மீட்டர். எடை என்று எடுத்துக்கொண்டால் 30 டன் ஒரு லாரி மாதிரி தோன்றும். ஓடம் உண்மையில் ஒரு சின்ன வீட்டைவிடப் பெரியது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அப்பல்லோ பயணங்களில் இரண்டு பேரை நிலவில் இறக்கிய கலத்தின் காற்றடைத்த அறை 6.7 கன மீட்டர்தான். ஆட்டக் கணக்கில் அரை டன். அதில் இரண்டு பேர் மூன்று நாள்வரை இருந்திருக்கிறார்கள். "30 டன்னில் எதுவும் வைக்க முடியாது" என்று அலுத்துக்கொள்ளும்போது இந்த எண் நினைவுக்கு வரட்டும்.

வேலையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

அட்டவணையைத் திறப்பதற்கு முன் தாளின் தலையில் ஓடத்தின் வேலையை எழுதுங்கள். "எல்லாவற்றுக்கும் உதவும் கலம்" என்று எழுதினால் அது வேலை இல்லை, ஆசை. நம் ஓடத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

விண்நிலையத்தைச் சுற்றிய பகுதியில் பழுதாகி நிற்கும் 90 டன் வரையிலான ஓடங்களைப் பிடித்து இழுத்து வர வேண்டும். இரண்டு பேர் ஓட்ட வேண்டும். நான்கு பேரை மீட்டு ஏற்ற இடம் வேண்டும். வெளியே இறங்கிப் பழுது பார்க்க வசதி வேண்டும்.

இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு பாகத்தைக் கேட்கிறது. 90 டன் என்பது எஞ்சினையும், சுமையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பையும் தீர்மானிக்கிறது. இரண்டு பேர் என்றால் கேபின். நான்கு பேர் என்றால் இருக்கை. உள்ளே காற்று போகாமல் வெளியே இறங்க இரட்டைக் கதவு அறையான ஏர்லாக், பழுது பார்க்கப் பட்டறை. இந்த வாக்கியத்தில் இல்லாத எதுவும் ஓடத்தில் ஏறக் கூடாது. ஏற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால் முதலில் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

கூடு

ஹல் எனப்படும் கூட்டுக்கு டன்னுக்கு 50,000 கிரெடிட் (கிரெடிட் என்பது ஆட்டத்தின் பணம்). 30 டன்னுக்கு 15 லட்சம். (நூலில் விலைகள் மெகாகிரெடிட்டில் இருக்கும், ஒரு மெகாகிரெடிட் நம் 10 லட்சம். லட்சத்தில் எழுதிக்கொண்டால் புள்ளி தவறாது.) தாங்கும் சக்தியைக் காட்டும் ஹல் புள்ளி 2.5 டன்னுக்கு ஒன்று, ஆக 12.

வடிவம் சாதாரண வடிவமே போதும். காற்று மண்டலத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஊசி வடிவம் வேண்டுமானால் கூட்டின் விலையில் 20 சதவீதம் கூடும், அதாவது 3 லட்சம். நம் வாக்கியத்தில் தரையிறங்கும் பேச்சே இல்லை. கவசத்தையும் விட்டுவிடுகிறோம். சின்னக் கூட்டுக்குக் கவசம் எப்போதுமே அளவுக்கு மீறி இடம் தின்னும். காரணம் எளிது: உருவம் சிறுத்தால் கொள்ளளவு குறையும் வேகத்தில் மேற்பரப்பு குறைவதில்லை.

எஞ்சின்: இழுவை ஓடத்தின் கணக்கு இங்கேதான்

எம்-டிரைவ் எஞ்சின் ஒவ்வொரு த்ரஸ்ட் எண்ணுக்கும் கூட்டின் 1 சதவீதம் இடம் கேட்கும். டன்னுக்கு 20 லட்சம் விலை. த்ரஸ்ட் 1 என்றால் ஏறக்குறைய ஒரு ஜி முடுக்கம், அதாவது பூமியின் ஈர்ப்பு தரும் அளவு. 30 டன் ஓடத்துக்கு த்ரஸ்ட் 1 வெறும் 0.3 டன், 6 லட்சம். மலிவாக இருக்கிறதே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

ஓடம் எதையாவது பிடித்துக்கொண்டவுடன் எஞ்சின் தள்ள வேண்டியது இரண்டையும் சேர்த்துத்தான். கூட்டு டன்னை த்ரஸ்ட்டால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் இழுவைத் திறன். பிறகு மொத்த டன்னால் வகுங்கள். த்ரஸ்ட் 1 ஓடத்தின் திறன் 30. அதில் 90 டன் சுமையை மாட்டினால் மொத்தம் 120 டன், 30 வகுத்தல் 120, கால் ஜி. ஆபத்தில் இருப்பவனிடம் போய்ச் சேர்ந்துவிடலாம், திரும்புவதுதான் இழுத்துக்கொண்டே போகும்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 90 டன் சுமையோடும் த்ரஸ்ட் 1 மிஞ்ச வேண்டும் என்றால் திறன் 120 வேண்டும். 120 வகுத்தல் 30, த்ரஸ்ட் 4. இடம் 1.2 டன், விலை 24 லட்சம். வெறும் ஓடமாகப் போகும்போது 4 ஜி. தன் அளவுள்ள 30 டன் ஓடத்தை இழுக்கும்போது 2. முழுச் சுமையில் 1.

200 டன் வணிகக் கலத்தை இதே ஓடத்தால் இழுக்கலாமா? 120 வகுத்தல் 230, அரை ஜிக்குச் சற்று மேல். எஞ்சின் தள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த அளவுக்கு மூன்றாம் வகைக் கிளாம்ப் வேண்டும், அது 10 டன். ஓடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்த வேலைக்கு வேறு ஓடம் கட்டுவதே மேல்.

மின்சாரம்

மூன்று வரிக் கணக்கு. அடிப்படைத் தேவைகளுக்கு (காற்று, ஈர்ப்பு, விளக்கு) கூட்டின் 20 சதவீதம், 6 அலகு. எஞ்சினுக்குக் கூட்டின் 10 சதவீதத்தை த்ரஸ்ட்டால் பெருக்க வேண்டும், 12 அலகு. சென்சாருக்கு 1. மொத்தம் 19.

ஃபியூஷன் பவர் பிளான்ட்டில் பழைய தொழில்நுட்பம் டன்னுக்கு 10 அலகு தரும், விலை 5 லட்சம். 12ஆம் தொழில்நுட்ப நிலையில் வருவது டன்னுக்கு 15 அலகு, விலை 10 லட்சம். பழையதில் 2 டன் போட்டால் 20 அலகு, 10 லட்சத்தில் முடிந்தது. புதியதில் 1.3 டன் போதும், ஆனால் 13 லட்சம். 0.7 டன்னுக்காக 3 லட்சம் கொடுப்பதா என்பது உங்கள் பணப்பை. இந்த ஓடத்துக்குப் பழையதே சரி, எந்தத் துறைமுகத்திலும் உதிரி கிடைக்கும் என்று நடுவரிடம் (கதையை நடத்தி, விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்பவர்) வாதாடலாம்.

மிச்சம் 1 அலகு. இதைக் கவனியுங்கள். 35 டன்னுக்குக் கீழுள்ள ஓடத்தில் ஒரே ஓர் ஆயுதம் மாட்ட விதியில் இடமுண்டு. ஆட்டத்தின் நடுவில் யாராவது "ஒரு லேசரை மாட்டிவிடலாமா" என்று கேட்பார்கள். ஒற்றை லேசரே மூன்று நான்கு அலகு கேட்கும். சுடும் நேரத்தில் த்ரஸ்ட்டைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பவர் பிளான்ட்டைப் பெரிதாக்க வேண்டும். புதியவர்களின் தாளில் அதிகம் காணப்படும் பிழை இதுதான்: பாகத்தைச் சேர்த்திருப்பார்கள், அதற்கு மின்சாரத்தைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

எரிபொருள் மாதத்துக்குப் பவர் பிளான்ட் அளவில் 10 சதவீதம், குறைந்தது 1 டன். 1 டன் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஓட்டுமிடம், கணினி, சென்சார்

50 டன் வரையுள்ள ஓடங்களுக்குக் காக்பிட் போடலாம், ஒருவருக்கானது 1.5 டன், 10,000 கிரெடிட். முழுக் கட்டுப்பாட்டு அறையான பிரிட்ஜ் என்றால் 3 டன், 5 லட்சம். விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் கை காக்பிட்டுக்குப் போகும். ஆனால் காக்பிட்டில் மூச்சுக்காற்று 24 மணி நேரத்துக்குத்தான். மீட்புக்குப் போகிற ஓடம் மீட்கப்பட வேண்டிய ஓடமாக ஆவது இப்படித்தான். பிரிட்ஜ் போடுங்கள்.

கணினி மிகச் சிறியது போதும்: கம்ப்யூட்டர்/5, 30,000 கிரெடிட், இடம் பிடிக்காது.

சென்சாரில்தான் கொஞ்சம் மனம் கசக்கும். அடிப்படை சென்சார் இலவசம், இடமும் இல்லை; ஆனால் பகடையில் 4 குறையும். இரண்டு பகடை உருட்டி 8 எடுக்க வேண்டிய ஆட்டத்தில் 4 குறைந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போல. இராணுவம் அல்லாத கலங்களுக்கான சிவிலியன் தரத்தில் 2தான் குறையும்; 1 டன், 30 லட்சம். ஆமாம், கூட்டின் விலையைப்போல இரண்டு மடங்கு. துண்டு துணுக்குகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் ஓடத்தைத் தேடுவதுதான் வேலை என்பதால் வாங்கித்தான் ஆக வேண்டும். நிலையம் வழிகாட்டி, கூப்பிட்ட இடத்துக்கு மட்டும் போகும் ஓடம் என்றால் இந்த 30 லட்சத்தைத் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

வேலைக் கருவிகள்

டாக்கிங் கிளாம்ப் முதல் வகை 1 டன், 5 லட்சம், 30 டன் வரை பிடிக்கும். இரண்டாம் வகை 5 டன், 10 லட்சம், 99 டன் வரை. நம் வாக்கியத்தில் 90 என்று இருப்பதால் இரண்டாம் வகை. இயந்திரக் கை ஒன்று, 2 டன், 10 லட்சம். சுழலும் ஓடத்தை நிறுத்தி, கிளாம்ப் பிடிப்பதற்கு வாகாகத் திருப்புவது இந்தக் கைதான்.

எதைப் பிடிப்பது என்றும் யோசித்து வையுங்கள். 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற நிஜ இழுவைக் கலம் இன்டெல்சாட் 901 செயற்கைக்கோளைப் பிடித்தது. யாரோ ஒரு நாள் வந்து பிடிப்பார்கள் என்று அந்தக் கோளைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை, கைப்பிடி எதுவும் இல்லை. ஆகவே எம்இவி ஒரு கம்பியை அதன் எஞ்சின் வாய்க்குள் விட்டு உள்ளிருந்து இறுக்கிக்கொண்டது. உங்கள் ஆட்டத்தில் விபத்துக்குள்ளான ஓடத்தின் கிளாம்ப் வளையம் நசுங்கியிருந்தால் ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பதற்காகவே இயந்திரக் கை வேண்டும்.

அடுத்தது ஏர்லாக். 100 டன்னும் அதற்கு மேலும் உள்ள கலங்களுக்கு அது தானாக வரும். சிற்றோடத்துக்கு வராது, தனியாக 2 டன், 2 லட்சம் கொடுத்துப் போட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பட்டறையும் விண்வெளி உடைகளும் வைத்த ஓடங்கள் எத்தனையோ. கதவைத் திறந்தால் ஓடம் முழுக்கக் காற்று போய்விடும், உள்ளே இருப்பவர்களும் உடை மாட்டிக்கொள்ள வேண்டும், மீட்டவர்களை ஏற்றிய பின் திறக்கவே முடியாது.

பட்டறை 6 டன், 9 லட்சம். கேபின் இடம் ஒருவருக்கு 1.5 டன், டன்னுக்கு 50,000. இரண்டு பேருக்கு 3 டன், 1.5 லட்சம். மீட்கப்படுபவர்களுக்கு நான்கு பேர் அமரும் பெஞ்சு ஒன்று, 1 டன், 10,000 கிரெடிட்.

கணக்குத் தாள்

கூடு: 30 டன், 15 லட்சம்
எம்-டிரைவ், த்ரஸ்ட் 4: 1.2 டன், 24 லட்சம்
பவர் பிளான்ட், 20 அலகு: 2 டன், 10 லட்சம்
எரிபொருள்: 1 டன்
பிரிட்ஜ்: 3 டன், 5 லட்சம்
கம்ப்யூட்டர்/5: 30 ஆயிரம்
சென்சார்: 1 டன், 30 லட்சம்
டாக்கிங் கிளாம்ப், இரண்டாம் வகை: 5 டன், 10 லட்சம்
இயந்திரக் கை: 2 டன், 10 லட்சம்
ஏர்லாக்: 2 டன், 2 லட்சம்
பட்டறை: 6 டன், 9 லட்சம்
கேபின்: 3 டன், 1.5 லட்சம்
பெஞ்சு: 1 டன், 10 ஆயிரம்

பாகங்கள் பிடித்த இடம் 27.2 டன். மிச்சம் 2.8 டன் சரக்கு இடம். விலை 116.9 லட்சம், அதாவது 1 கோடியே 16 லட்சத்து 90 ஆயிரம் கிரெடிட்.

2.8 டன் என்றால் எவ்வளவு? 39 கன மீட்டர். லாரியில் போகும் 20 அடி கன்டெய்னரின் வெளி அளவு 38 கன மீட்டர் சொச்சம். ஆக ஒரு கன்டெய்னர் இடம், அதில் உதிரிகள், தகடு, கேபிள், ஆக்சிஜன் எல்லாம் அடங்க வேண்டும். இடம் போதவில்லை என்று கூட்டை 40 டன்னாக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். கூடு வளர்ந்தால் எஞ்சின் வளரும், மின்சாரம் வளரும், விலை வளரும். முதலில் பட்டறையை எடுத்துப் பாருங்கள், 6 டன் உடனே கிடைக்கும். வெறும் இழுவை, மீட்பு என்றால் அதுவே நல்ல ஓடம்.

தளப் படம்

தாளில் ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர். ஒரு டன்னுக்கு இரண்டு கட்டம். 30 டன்னுக்கு 60 கட்டம். 12 கட்ட நீளம், 5 கட்ட அகலம் என்று வைத்தால் 18 மீட்டருக்கு 7.5 மீட்டர், ஒரே தளம். பிரிட்ஜுக்கு 6 கட்டம், பட்டறைக்கு 12, ஏர்லாக்குக்கு 4, கிளாம்புக்கு 10. நடைபாதைக்குத் தனி டன் கிடையாது. பெரிய பகுதிகளிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் திருடிக்கொள்ளுங்கள். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

கிளாம்பை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அக்கறை வேண்டும். எஞ்சின் தள்ளும் கோடு ஓடமும் சுமையும் சேர்ந்த நிறை மையத்தின் வழியாகப் போக வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் கிளாம்பை வைத்து 90 டன்னைத் தொங்கவிட்டால், எஞ்சினைப் போட்டவுடன் இரண்டும் சேர்ந்து பம்பரமாகச் சுற்றும். மூக்கில் வைத்தால் கோடு நேராகும், ஆனால் ஓட்டுபவரின் கண்ணெதிரே சுமைதான் தெரியும். வால் பக்கம் வைப்பது இந்த ஆட்டத்தில் சுகமான வழி: எம்-டிரைவுக்குப் பின்னால் நெருப்பு வாய் கிடையாது, சுமை கருகாது. நெருப்பைக் கக்கும் ராக்கெட் எஞ்சின் போட்ட ஓடத்தில் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ஏர்லாக்கை வாலுக்குப் பக்கத்தில், பிடித்த கலத்திலிருந்து ஆட்கள் வர வாகாக வையுங்கள். ஏர்லாக்கிலிருந்து பெஞ்சு வரை ஸ்ட்ரெச்சர் திரும்பும் அளவு வழி இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். பட்டறைக்குள் நுழைந்துதான் போக வேண்டியிருந்தால் படத்தைத் திருப்பிப் போடுங்கள்.

கடனும் கட்டணமும்

வழக்கமான கடனில் மாதத் தவணை விலையில் 240இல் ஒரு பங்கு, 40 வருடம். நம் ஓடத்துக்கு மாதம் ஏறத்தாழ 48,700 கிரெடிட். பராமரிப்பு வருடத்துக்கு விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மாதம் 975 போல. மாதத்துக்கு நான்கு இழுவை கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 12,000க்கு மேல் வாங்கினால்தான் தவணையே தேறும், சம்பளம் அதற்கப்புறம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கமான மாடல் என்று நடுவர் ஒத்துக்கொண்டால் விலையில் 10 சதவீதம் கழியும், 1 கோடியே 5 லட்சத்துச் சொச்சம். கேட்டுப் பாருங்கள்.

மேசைக்கு வருமுன் ஒரு சோதனை

தாளை மூடுவதற்கு முன் ஓடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதி தூரம் முடுக்கி, பாதி தூரம் வேகம் குறைத்துப் போக ஆகும் நேரம்: தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். தூரம் மீட்டரில், முடுக்கம் ஒவ்வொரு த்ரஸ்ட்டுக்கும் 10 என்று போடுங்கள். விடை நொடியில் வரும்.

நிலையத்திலிருந்து 10,000 கிலோமீட்டரில் 90 டன் ஓடம் ஒன்று செயலிழந்து கிடக்கிறது, உள்ளே மூன்று பேர், ஒருவருக்குப் பலத்த அடி. த்ரஸ்ட் 4இல் போய்ச் சேர 1,000 நொடி, 17 நிமிடம். பிடித்துப் பூட்ட 10 நிமிடம் என்று வையுங்கள். சுமையோடு த்ரஸ்ட் 1இல் திரும்ப 2,000 நொடி, 33 நிமிடம். ஆக மொத்தம் ஒரு மணி நேரம். அடிபட்டவரை 50 நிமிடத்துக்குள் நிலையத்து மருத்துவரிடம் சேர்க்க வேண்டும் என்று நடுவர் சொல்கிறார். ஓடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆட்களை மட்டும் அதே 10 நிமிடத்தில் ஏர்லாக் வழியே ஏற்றிக்கொண்டு த்ரஸ்ட் 4இல் திரும்பினால் 44 நிமிடம்; உயிர் தப்பும். ஆனால் இந்த மாதத் தவணைக்கான இழுவைக் கூலி அங்கே மிதந்துகொண்டிருக்கிறது. அதே அழைப்பைக் கேட்ட இன்னொரு இழுவை ஓடமும் கிளம்பியாகிவிட்டது.